கடலுக்குப் போன சூடு

எங்கள் ஊரில் டைல்ஸ் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தெரியவில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டுக் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வோம். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம், ஓரிடத்திலும் உள்ளே காலியாய்ப் பொள்ளென்று கேட்கவில்லை என்றால் அது அக்காவின் கைவேலை.

கல்யாணமாகி வந்தபோது அக்காவுக்கு அந்த வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. கணவர்தான் மேஸ்திரி. ஒரு நாள் பசை குழைக்கும் ஆள் வராமல் போக, "சும்மா வந்து வாளியை மட்டும் கிண்டிக் குடு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். "அந்தச் சாயங்காலம் வரவே இல்ல" என்பார் அக்கா. வாளி கிண்டப் போனவர் கட்டர் பிடித்தார், பசை பூசும் கரண்டி பிடித்தார். சில வருடங்களில் சுவரெல்லாம் அக்கா, தரையெல்லாம் மேஸ்திரி என்று வேலையே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மேஸ்திரி வாய் ஓயாத மனிதர். பேச ஆள் இல்லாவிட்டால் டைல்ஸோடு பேசுவார். "வாடா கண்ணா, உட்காரு. ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிற? பக்கத்துல இருக்கறவன் உன் தம்பிதான்டா" என்று ரப்பர் சுத்தியால் செல்லமாகத் தட்டுவார். வேலையைப் பார்க்க வருகிற சாக்கில் வீட்டுக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்க வந்து நிற்பார்கள். "மூச்சு விடறதுக்காவது கொஞ்சம் நிறுத்துங்க" என்று அக்கா சுவரைப் பார்த்தபடியே சொல்வார்.

ஒரு நாள் காலை, புது வீடு ஒன்றில் வேலை நடந்துகொண்டிருந்தது. பின்னால் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. "என்னங்க, பசை காயுது. தூக்கமா?" என்றார் அக்கா. பதில் வரவில்லை. மேஸ்திரியிடமிருந்து பதில் வரவில்லை என்பதே விபரீதம். திரும்பிப் பார்த்தால் மனிதர் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். வந்தது பேச்சாக இல்லை. சாமான் ஏற்றி வந்த வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் தங்கவில்லை. பேச்சில் "சரி சரி" என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது.

"சாப்பிடறீங்களா?" "சரி சரி." "வேண்டாமா அப்போ?" "சரி சரி." குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது ஆமாம், எது இல்லை, எது வசவு என்று வீட்டில் கற்றுக்கொண்டார்கள். மருந்துக் கடையில் வேலை செய்த மகள் ஒரு நாள், "அம்மா, இப்பதான் அப்பா நீ சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்றார்" என்றாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மகளும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி நடந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி நடக்கச் சொன்னார்கள். ஒரு தடவை மேஸ்திரி எல்லார் முன்னாலும் சரிந்து விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்பிகளைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பிசியோதெரபிஸ்ட் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண்; எல்லாரும் பிசியோ மேடம் என்பார்கள். அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மேஸ்திரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்காலியும் ஜன்னலும் தெருவும் என்று அவருடைய உலகம் சுருங்கிப்போயிற்று. கால் விறகுபோல் இறுகத் தொடங்கியது. குளிர்காலக் காலைகளில் அக்கா அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, துணியை நனைத்துப் பிழிந்து, அந்தக் காலில் சுற்றிவைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். துணி ஆறும்வரை கால் கொஞ்சம் இளகும். ஆறியதும் பழையபடி.

இனி கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே, கடலோரத்தில் கம்பெனியின் மின் நிலையம் இருக்கிறது. புகைபோக்கிகள் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அங்கிருந்து ஒரு வாய்க்கால் ஊரின் ஓரமாக ஓடிக் கடலில் விழுகிறது. குளிர்காலத்தில் அதன்மேல் ஆவி எழுந்து வெள்ளையாக நிற்கும். பார்க்க அழகுதான். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

கம்பெனி வருடாவருடம் ஊருக்கு ஏதாவது செய்யும். பிள்ளைகளுக்குப் பை கொடுப்பார்கள். பையைவிடப் பெரிதாகக் கம்பெனியின் சின்னம் இருக்கும். கண் பரிசோதனை முகாம் நடக்கும். மரக்கன்று நடுவார்கள், மறுவாரம் ஆடுகள் வந்து நன்றி தெரிவித்துவிட்டுப் போகும். இதற்கெல்லாம் பொறுப்பான அதிகாரி எங்கே போனாலும் பின்னால் ஒரு கேமரா போகும். அவருக்கு ஊர் வைத்த பெயர் போட்டோ சார். நல்ல மனிதர்தான். அவர் ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டும்போதுகூடக் கண் கேமராவைத் தேடும் என்பதுதான் குறை.

அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக ஒரு அம்மா வந்தார். கேமரா இல்லை. கையில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தார், நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தார், நீச்சல் சங்கத்துப் பிள்ளைகளோடு கடற்கரையில் உட்கார்ந்தார், தெருத்தெருவாக வந்து எங்கள் வீடுகளிலும் உட்கார்ந்தார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்?" நாங்கள் திருதிருவென்று விழித்தோம். என்ன கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பழகியிருந்தோமே தவிர, என்ன வேண்டும் என்று யோசித்துப் பழகவில்லை. கேள்வி மேடம் என்ற பெயர் அவருக்கு ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒருவர் ஊர் எல்லையில் வளைவு கட்டச் சொன்னார். முடிதிருத்தும் கடைக்காரர், தன் கடையில் பெரிய டிவி வைத்தால் ஊரே பார்க்கும் என்று பொதுநலத்தோடு சொன்னார். டைல்ஸ் அக்கா தெருவிளக்கு ஒன்று கேட்கலாம் என்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் சார்பில் வந்திருந்த என்ஜினீயர் ஓரத்து நாற்காலியில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். வரச் சொன்னார்கள், வந்தார்.

அப்போது பிசியோ மேடம் எழுந்தார்.

"நான் தினமும் உங்க வாய்க்கால் வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அதுமேல ஆவி போறதைப் பார்த்துக்கிட்டே போறேன். அங்க போனா கை கால் இறுகிப்போன ஜனங்க வரிசையா உட்கார்ந்திருக்காங்க. தரையில நிக்க முடியாதவங்க வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில நிப்பாங்க. அந்த மாதிரி ஒரு குளம் கட்டலாம். ஆனா வருஷம் முழுக்க அதைச் சூடு பண்ண எங்களால முடியாது. நீங்க வேற எதுவும் தர வேண்டாம். அந்தச் சூட்டைக் குடுங்க."

என்ஜினீயர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

"எவ்வளவு சூடு வேணும் மேடம்?"

"உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கம்மியா."

"அது எங்ககிட்டக் கொட்டிக் கிடக்கு" என்றார் என்ஜினீயர். சொன்ன பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் ஒரு நிமிடம் நின்றார். "நிஜமாவே கொட்டித்தான் கிடக்கு. கடல்ல கொட்டறோம்."

அந்த நேரத்தில் அக்காவுக்குக் கணவரின் நினைவு வரவில்லை. இதை அக்காவே சொல்லியிருக்கிறார். "குளம்னா டைல்ஸ் இருக்குமே, அதுதான் முதல்ல தோணிச்சு. பொழப்பு அப்படி."

பேச்சு அத்தோடு காற்றில் போகவில்லை. ஆச்சரியங்களில் அது முதலாவது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த இடத்தை நகராட்சி கொடுத்தது. குழாயும் இயந்திரமும் அவற்றின் பராமரிப்பும் கம்பெனியின் பொறுப்பு. சிகிச்சைக்கு ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து. தண்ணீரில் காவலுக்கு நீச்சல் சங்கத்துப் பிள்ளைகள். பதிலுக்குச் சாயங்காலம் அவர்கள் அங்கே சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தரலாம். நான்கு தரப்பினரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். நடுவில் கேள்வி மேடம் எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளூர் ஆட்கள்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். அப்படித்தான் அக்காவுக்கும், அக்காவோடு வேலை பழகிய இரண்டு பெண்களுக்கும் குளத்து டைல்ஸ் வேலை வந்தது.

வேலை தொடங்கும்முன் எல்லாரையும் மின் நிலையத்துக்குள் அழைத்துப் போனார்கள். குழாய்ப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் பாதுகாப்பு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து பார்த்த புகைபோக்கிகளுக்குக் கீழே அக்கா முதல்முறையாகப் போய் நின்றார். தலையில் ஹெல்மெட், காதில் பஞ்சுபோல் ஏதோ அடைப்பு. கதவு திறந்தது.

"சத்தம்னு சொல்ல மாட்டேன்" என்பார் அக்கா, அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம். "காது அடைச்சிருந்தாங்களே. நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. பல்லு அதிருது. காலுக்குக் கீழ தரை உயிரோட இருக்கற மாதிரி இருந்துச்சு."

கூடத்தின் மேற்கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. நடுவில் ஒரு வீட்டைப் படுக்கப் போட்டதுபோல் டர்பைன். அது சுழல்வது வெளியே தெரியவில்லை. அசையாமல் கிடந்த அந்த இரும்புக்குள்ளே அவ்வளவு வேகம் அடைபட்டிருக்கிறது என்பதை உள்ளங்கால் மட்டும்தான் சொன்னது. ஊரின் எல்லா விளக்கும், எல்லா மிக்ஸியும், தன்னுடைய டைல்ஸ் கட்டரும் இதிலிருந்துதான் ஓடுகின்றன என்று நினைத்ததும் அக்காவுக்குக் கைகூப்ப வேண்டும்போல் இருந்ததாம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பார்களே என்று கையைக் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்ஜினீயர் சொன்னார்: "நீராவிதான் அதைச் சுத்துது அக்கா. சுத்தி முடிச்சிட்டு அது களைச்சுப்போய் வரும். அதைக் குளிர வெச்சுத் திரும்ப அனுப்புவோம். குளிர வைக்கிற தண்ணி சூடாயிடும். அதுதான் வாய்க்கால்ல போகுது."

"எவ்வளவு நாளா சார் போகுது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலருந்து."

அக்கா வாய்க்காலைப் பார்த்தார். மடை திறந்ததுபோல் தண்ணீர் பொங்கி ஓடியது. அடுப்பில் காய்ச்சும் ஒரு சட்டித் தண்ணீர் அவர் நினைவுக்கு வந்தது. அதிலே நனைத்த துணி ஆறிவிடுமே என்று ஓடி ஓடிச் சுற்றிய காலைகள் நினைவுக்கு வந்தன. கோபம் வரவில்லை என்றுதான் சொல்வார். "அடேயப்பா, இவ்வளவுமா, அப்படின்னு வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். அப்பதான் எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்துச்சு. மண்டையில அடிச்ச மாதிரி வந்துச்சு."

குளத்துக்கு அந்த வாய்க்கால் தண்ணீர் நேராக வராது. குளத்தின் நல்ல தண்ணீர் தனி. மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கம் அது ஓடும், அந்தப் பக்கம் கம்பெனியின் சுடுநீர் ஓடும். ஒரு சொட்டுகூட ஒன்றோடு ஒன்று கலக்காது. சூடு மட்டும் கை மாறும். என்ஜினீயர் இதைச் சொன்னபோது அக்காவின் ஆட்களில் ஒருத்தி, "எங்க வீட்டுல மாமியாரும் நானும் பேசிக்கிற மாதிரி" என்றாள். என்ஜினீயரும் சிரித்துவிட்டார்.

குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, தண்ணீர் கசியாமல் பூசி முடித்த பிறகு அக்கா இறங்கினார். சுவர் செங்குத்து, தரை ஒரு பக்கமிருந்து மெல்ல மெல்ல ஆழமாகிறது, சக்கர நாற்காலி இறங்க ஒரு சரிவு. வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான டைல்ஸ். தரை வேலை அக்காவுக்கு எப்போதுமே இரண்டாம்பட்சம். அது மேஸ்திரியின் ராஜ்ஜியம். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் உட்காரவைத்தார். மேலே கூரை வேலை நடக்கும், வெல்டிங் பொறி பறக்கும். கீழே அந்த வறண்ட குழியில் முழங்காலில் நகர்ந்தபடி, இங்கே ஒரு நாள் தண்ணீர் நிற்கும் என்பதை நம்ப முயன்றுகொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கதை சொல்வார். ஒரு டைல்ஸைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். மேஸ்திரி இடது கையால் அதைத் தடவினார், விளிம்பைக் கட்டைவிரலால் பார்த்தார், திருப்பி முதுகைப் பார்த்தார். "சரி சரி" என்றார். அது பாராட்டா, சந்தேகமா என்று அக்காவுக்கே பிடிபடவில்லை.

குளத்தைத் திறந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர், நல்லவேளையாக, சுருக்கமாகப் பேசினார். நான்கு தரப்பின் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் சுவரில் இருந்தன. போட்டோ சார் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

மேஸ்திரியை அழைத்துப் போவதுதான் பெரும்பாடாயிற்று. பேச்சை எடுத்தாலே கண்ணை மூடிக்கொண்டார். மகள் கெஞ்சினாள். பிசியோ மேடம் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அக்கா வேறு வழியில் போனார்.

"நீங்க இறங்க வேண்டாம். யாரு இறங்கச் சொன்னா? நான் ஒட்டின தரையை ஒரு தடவை வந்து பாருங்க. பார்த்துட்டு, குறை சொல்லிட்டு வந்துடலாம்."

ஒரு கண் திறந்தது. "சரி சரி."

உள்ளே நுழைந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. கண்ணாடி ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது. மேஸ்திரியின் பார்வை சுவரில் ஏறியது, ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மூலைவரை போனது, அங்கிருந்து கீழே இறங்கியது. பிறகு தண்ணீருக்குள் போனது. தண்ணீர் அசைந்துகொண்டே இருந்ததால் தரை சரியாகத் தெரியவில்லை. அவர் கழுத்தை நீட்டினார். முகத்தைச் சுளித்தார். தெரியவில்லை என்பது அவரால் பொறுக்க முடியாததாக இருந்தது.

"கிட்டப் போய்ப் பார்க்கலாமா?" என்றார் பிசியோ மேடம். அவர் ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்றிருந்தார்.

தண்ணீரில் இறக்கும் நாற்காலிக்கு மாற்றினார்கள். சரிவில் பாதி தூரம் போய்ப் பாதம் நனைந்ததும் மேஸ்திரி பயந்துபோய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவர் இறங்க வேண்டுமானால் அக்காவும் இறங்க வேண்டும். அக்காவுக்கோ முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். "குளத்தைக் கட்டினவங்களே பயந்தா எப்படிக்கா?" என்றார் பிசியோ மேடம். கட்டும்போது அதில் தண்ணீர் இல்லையே என்று அக்கா முணுமுணுத்தார். ஆனாலும் உடுத்தியிருந்த துணியோடு இறங்கினார்.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு வந்தது. எத்தனையோ வீடுகளின் தரையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்த முழங்கால்கள். அவற்றுக்குள் எப்போதும் முனகிக்கொண்டிருந்த வலி, யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது. அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

மேஸ்திரியின் மார்புவரை தண்ணீர் ஏறியதும் பிசியோ மேடம் நாற்காலியை மெதுவாக அவருக்குக் கீழிருந்து நகர்த்தினார். அவர் மிதந்தார். விறகுபோல் கிடந்த அந்த வலது கால் தானாக மேலே எழும்பி வந்தது. மேஸ்திரி அதையே பார்த்தார். வெகுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்போ பாதம் ரெண்டையும் தரையில வெக்கறோம். நான் பிடிச்சிருக்கேன். அக்கா, நீங்களும் பிடிச்சுக்கோங்க. தண்ணி பாக்கியைப் பார்த்துக்கும்."

பாதங்கள் தரையைத் தொட்டன. முட்டி மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. பிசியோ மேடம் ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையை. அக்காவின் விரல்களையும் ஒவ்வொன்றாக விலக்கினார்.

மேஸ்திரி நின்றார்.

யாரும் பிடிக்காமல், எதிலும் சாயாமல், நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கப் போனார்; முகம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் தோள் இருந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. தன் கணவர் தன்னைவிட உயரம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாற்காலியில் குனிந்து பார்த்துப் பார்த்து வந்த மறதி அது.

தண்ணீரின் சூட்டைப் பார்க்க வந்திருந்த என்ஜினீயர், செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் வாய் திறந்து நின்றார்.

அப்போது மேஸ்திரியின் புருவம் நெரிந்தது. இடது கால் கட்டைவிரலால் தரையைத் தடவினார். மறுபடி தடவினார். உதடு கோணியது. உள்ளே எங்கேயோ ஒரு பெரிய கல்லைப் புரட்டுகிறவர்போல் முகம் சிவந்தது.

"மே... மேடு."

பிசியோ மேடத்துக்குப் புரியவில்லை. "என்ன சொல்றார்?"

அக்கா தண்ணீருக்குள் காலை நீட்டி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு டைல்ஸ், மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டு இருந்தது.

"டைல்ஸ் மேடா இருக்காம்" என்று சொல்லும்போதே அக்காவுக்குக் குரல் உடைந்தது. "பாவி மனுஷா, பேச்சு வந்ததும் வந்துச்சு, குறை சொல்லவா வரணும்!" என்று அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சில் குத்தினார். தண்ணீர் தெறித்து இருவர் முகத்திலும் வழிந்தது. மேஸ்திரி கோணல் வாயால் சிரித்தார். அவருக்கு இந்த நோய் வந்த பிறகு, "சரி சரி" தவிர வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

என்ஜினீயர் வெளியே போய்விட்டார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில், வேலை முடித்துத் திரும்பும் மின் நிலைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவார். அவர்கள் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பார்ப்பார்கள். ஒருவர், முப்பது வருடம் பாய்லர் பக்கத்தில் வெந்தவர், "நாம இதையா கடல்ல விட்டுக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு என்ஜினீயர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததோடு சரி.

எல்லாம் வழவழவென்று போய்விடவில்லை. முதல் வருடமே பழுது பார்க்கும் வேலைக்காக மின் நிலையத்தை நிறுத்தினார்கள். குளம் ஆறிப்போயிற்று. பழகிய உடம்புகள் ஏங்கிப்போயின. மேஸ்திரியின் கால் மறுபடி இறுகத் தொடங்கியது. நாற்காலியைப் புகைபோக்கி தெரியும் பக்கமாகத் திருப்பிப் போடச் சைகை காட்டி, விடிந்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் கொடுக்காததைவிட மோசம் என்று கூட்டத்தில் கத்தினார்கள். கேள்வி மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. "இதை நாங்க முன்னாடியே யோசிச்சிருக்கணும். தப்புதான்" என்றார். ஒரு கம்பெனி தப்பு என்று சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு நிலையம் நின்றாலும் குளத்தைச் சூடாக வைக்க வேறொரு ஏற்பாடு வந்தது. இடம் நகராட்சி கொடுத்தது, இயந்திரம் கம்பெனி கொடுத்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீச்சல் சங்கம் எடுத்துக்கொண்டது.

மேஸ்திரி பழைய மேஸ்திரி ஆகிவிட்டார் என்று கதை விட மாட்டேன். தரையில், பிடிமானத்தோடு, கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்கிறார். அதற்கே வியர்த்துவிடுகிறது. தண்ணீரில் அப்படி இல்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, எதிரில் வருகிறவர்களுக்கு வழிவிட்டு, ராஜா மாதிரி நடக்கிறார். வார்த்தைகளும் வந்தன. முதலில் வந்தவை பெரும்பாலும் வேலைத்தளத்து வார்த்தைகள். சுத்தி, மட்டம், பசை. மகளின் பெயர் வந்த அன்று அவள் மருந்துக் கடையில் யாருக்கோ மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தாளாம். நல்லவேளை, கடைக்காரர் கவனித்துவிட்டார்.

புதிதாக வருகிறவர்கள் இறங்கப் பயந்தால், பிசியோ மேடம் மேஸ்திரியைத்தான் சரிவின் அடியில் நிறுத்திவைப்பார். விபத்தில் இடுப்பு ஒடிந்த ஒரு பஸ் டிரைவர், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி தண்ணீருக்குள்ளிருந்து இடது கையை நீட்டி, "வாடா, உட்காரு" என்றார். டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கினார்.

அக்காவுக்கு மட்டும் பயம் முழுதாகப் போகவில்லை. கணவரோடு நடப்பார், நிற்பார். மிதக்கச் சொன்னால் மாட்டேன் என்பார். பிசியோ மேடம் சொல்லிப் பார்த்துச் சலித்துவிட்டார்.

போன மாதம் ஒரு மத்தியானம் குளத்தில் கூட்டம் இல்லை. ஜன்னல் வழியே வெயில் வந்து தண்ணீருக்குள் அடித்தரைவரை இறங்கியிருந்தது. டைல்ஸின் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின. மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். தன் இடது கையைத் தண்ணீருக்கு மேல் மலர்த்திக் காட்டினார்.

"படு" என்றார்.

"நானா? உங்க ஒத்தைக் கையிலயா?"

"படு."

"விட்டுட மாட்டீங்களே?"

மாட்டேன் என்று மேஸ்திரி தலையை அசைத்தார்.

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அந்தக் கை அவருடைய பிடரிக்குக் கீழே வந்து தாங்கியது. கரண்டி பிடித்துக் காய்த்த கை. காய்ப்பு இன்னும் அப்படியே இருந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்து வெளிச்சத்தம் எல்லாம் அடங்கியது. கால்கள் எழும்பின. முதுகுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் விழவில்லை. மேலே, நனைந்த மீசையோடு, கணவரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறார் என்று அக்காவுக்குக் கேட்கவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.